ஏற்காடு அடிவாரத்தில் கதாநாயகி. ஆயிரம் படங்களில் ஆச்சி!

மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவும், மனோரமாவின் நீண்ட பயணமும்

சேலத்தில் ஏற்காடு பஸ்சில் ஏறி, ஜன்னல் ஓரம் இடம் பிடித்தவர்கள் அதைப் பார்த்திருப்பார்கள். மலை ஏறுவதற்கு முன்னால், ரோட்டு ஓரத்தில் ஒரு பழைய நுழைவு வளைவு தனியாக நிற்கும். மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டூடியோவின் வாசல் அது. இப்போது உள்ளே கேமராவும் இல்லை, மேக்கப் அறையும் இல்லை. வீடுகள்தான் இருக்கின்றன.

கண்டக்டர் டிக்கெட் கொடுத்து முடிப்பதற்குள் வளைவு பின்னால் போய்விடும். அப்புறம் அடிவாரம், 20 கொண்டை ஊசி வளைவுகள், காப்பித் தோட்டம், ஏரி. சேர்வராயன் மலையின் குளிர் காற்று முகத்தில் அடித்ததும், கீழே பார்த்தது மறந்தே போய்விடும்.

ஆனால் மறக்கக் கூடாத ஒரு சங்கதி அந்த வளைவுக்குள் நடந்திருக்கிறது. "சிரிப்பு நடிகைதானே" என்று நினைக்கப்பட்ட ஒரு பெண்ணை, முதன் முதலாகக் கதாநாயகி ஆக்கிப் படம் எடுத்த கம்பெனி இதுதான். அந்தப் பெண் மனோரமா. படம், 1963-ம் ஆண்டு வெளிவந்த "கொஞ்சும் குமரி".

கதாநாயகி ஆன பிறகு யாராவது ஒரு படி கீழே இறங்குவார்களா? மனோரமா இறங்கினார். திரும்பவும் காமெடி வேடத்துக்கே வந்தார். அப்படி இறங்கியவர்தான் கடைசியில் எல்லோரையும் தாண்டி உயரே போனார்!

பள்ளத்தூர் பாப்பா

மனோரமாவின் சொந்தப் பெயர் கோபிசாந்தா. 1937-ம் ஆண்டு மே மாதம் 26-ந்தேதி மன்னார்குடியில் பிறந்தார். தந்தை காசி கிளாக்குடையார். தாயார் ராமாமிர்தம்.

குழந்தைக்கு விவரம் தெரிவதற்கு முன்பே குடும்பத்தில் இடி விழுந்தது. தந்தை, தாயாரின் தங்கையையே இரண்டாவதாகக் கட்டிக்கொண்டார். கைக்குழந்தையோடு ராமாமிர்தம் வெளியேறினார். போய்ச் சேர்ந்த இடம், காரைக்குடி பக்கம் பள்ளத்தூர். செட்டிநாட்டுச் சீமை.

அங்கே தாயார் வீட்டு வேலை செய்தும், பலகாரம் விற்றும் மகளை வளர்த்தார். தாயாரின் உடம்பு இடம் கொடுக்காதபோது, மகள் படிப்பை விட்டுவிட்டு வீட்டு வேலைக்குப் போனாள். ஆனால் தொண்டையில் பாட்டு இருந்தது. கேட்ட பாட்டை அப்படியே பாடுவாள். "பள்ளத்தூர் பாப்பா" என்று ஊரில் பெயர் வந்துவிட்டது.

அந்தக் காலத்து நாடகங்களில் ஆண்களே பெண் வேடம் கட்டுவது சர்வ சாதாரணம். பள்ளத்தூருக்கு நாடகம் போட வந்த ஒரு குழுவில், பெண் வேடம் கட்டியவருக்குப் பாட்டு சரியாக வரவில்லை. "நம்ம பாப்பா பாடுமே!" என்று ஊரார் கை காட்ட, 12 வயசுப் பெண் மேடை ஏறினாள்.

நாடக டைரக்டர் திருவேங்கடமும், ஆர்மோனியக்காரர் தியாகராஜனும் அவளுக்கு வைத்த பெயர்தான் "மனோரமா".

மேடை கொடுத்த பாடம்

அந்த நாளைய நாடக மேடை சும்மா இல்லை. சினிமாவில் தப்பு செய்தால் "இன்னொரு டேக்" என்று சொல்லலாம். மேடையில் சொல்ல முடியாது. எதிரே நிற்பவர் வசனத்தை மறந்துவிட்டால், நாம்தான் எதையாவது சொல்லிச் சமாளிக்க வேண்டும். கடைசி வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்திருப்பவர் காதிலும் விழவேண்டும்.

பாடவேண்டும், ஆடவேண்டும், அழவேண்டும், சிரிக்க வைக்கவேண்டும். இத்தனையும் ஒரே ராத்திரியில்! மனோரமாவின் கணீர்க் குரலும், டக்கென்று பதில் போடும் வேகமும் இந்தப் பள்ளிக்கூடத்தில் வந்தவைதான்.

பிறகு எஸ்.எஸ்.ராஜேந்திரனின் நாடக மன்றத்தில் சேர்ந்தார். கருணாநிதி எழுதிய "மணிமகுடம்" நாடகத்தில் நடித்தார். அந்த நாடகம்தான் சினிமாவுக்கு வாசலைத் திறந்தது. மனோரமாவின் நடிப்பைப் பார்த்த கவிஞர் கண்ணதாசன், தாம் எடுத்துக்கொண்டிருந்த படத்தில் வேடம் கொடுத்தார். படம் "மாலையிட்ட மங்கை". ஆண்டு 1958.

கண்ணதாசன் போட்ட கணக்கு

வேடம் என்னவோ காமெடி வேடம். மனோரமாவுக்கோ மனசுக்குள் தயக்கம். மேடையில் கதாநாயகியாக நின்றவரை, சினிமாவில் சிரிப்புக் காட்டச் சொன்னால் எப்படி இருக்கும்?

கண்ணதாசன் ஒரு கணக்குச் சொன்னார். கதாநாயகியாக வந்தால் மூன்று நான்கு வருஷம் ஓடலாம், அப்புறம் புதுமுகம் வந்துவிடும். நகைச்சுவையில் நின்றால் ஆயுசுக்கும் நிற்கலாம் என்பது அதன் சாரம். இதை மனோரமாவே பின்னாளில் பலமுறை நன்றியோடு சொல்லியிருக்கிறார்.

கணக்கு சரியா, தப்பா? அதைச் சோதித்துப் பார்க்கும் சந்தர்ப்பம் ஐந்து வருஷம் கழித்து வந்தது. வந்த இடம், ஏற்காடு மலையின் அடிவாரம்.

மலையடிவாரத்தில் ஒரு சினிமா ஆலை

திருச்செங்கோட்டுக்காரரான டி.ஆர்.சுந்தரம், இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் நெசவுத் தொழில் படித்தவர். ஊருக்குத் திரும்பி வந்து நூல் ஆலை கட்டுவார் என்று பார்த்தால், சினிமா ஆலை கட்டினார்! 1935-ல் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் தொடங்கியது. 1937-ல் முதல் படம் "சதி அகல்யா". மனோரமா பிறந்ததும் அதே ஆண்டுதான்.

"எல்லாம் சென்னையில்தான்" என்று இருந்த காலத்தில், மலையடிவாரத்தில் ஒரு படக் கம்பெனி. செட் போடுவதில் இருந்து பிலிம் கழுவுவது வரை எல்லாம் ஒரே காம்பவுண்டுக்குள். வேலை ஒரு மில் போல நேரப்படி நடக்கும். சுந்தரத்தை அங்கே "முதலாளி" என்றுதான் சொல்வார்கள்.

மலையாளத்தின் முதல் பேசும்படம் "பாலன்" 1938-ல் இந்தக் கம்பெனியில் இருந்துதான் வந்தது. தமிழின் முதல் முழு நீளக் கலர் படமான "அலிபாபாவும் 40 திருடர்களும்" 1956-ல் இங்கேதான் உருவானது. 1950-ல் வந்த "மந்திரிகுமாரி"க்கு வசனம் கருணாநிதி, கதாநாயகன் எம்.ஜி.ஆர். மனோரமாவுக்குக் கணக்குச் சொன்ன கண்ணதாசனும் ஒரு காலத்தில் இதே மாடர்ன் தியேட்டர்சில் வேலை பார்த்தவர்தான்.

இப்படிப்பட்ட கம்பெனியில் இருந்து மனோரமாவுக்கு அழைப்பு வந்தது. காமெடிக்கு அல்ல, கதாநாயகிக்கு!

"கொஞ்சும் குமரி"

ஜோடி ஆர்.எஸ்.மனோகர். நாமக்கல்லில் பிறந்தவர். அவரும் நாடக மேடையைக் கடைசிவரை விடாதவர். "இலங்கேஸ்வரன்" நாடகத்தில் ராவணனாக வந்து பெயர் வாங்கியவர். படங்களில் பெரும்பாலும் வில்லன். ஆக, வில்லன் கதாநாயகன். காமெடி நடிகை கதாநாயகி. அந்த நாளில் இப்படி ஒரு ஜோடியைப் போட்டுப் படம் எடுக்கத் துணிச்சல் வேண்டும்.

டைரக்ஷன் ஜி.விஸ்வநாதன். இசை வேதா. யேசுதாஸ் தமிழில் பாடத் தொடங்கிய நேரம் அது. அவர் பாடிய ஆரம்ப காலத் தமிழ்ப் பாட்டு ஒன்று இந்தப் படத்தில் உண்டு.

1963-ல் படம் வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் முதலாளி டி.ஆர்.சுந்தரம் காலமானார். மனோரமாவுக்கும் கதாநாயகி வேடங்கள் வரிசை கட்டி வந்துவிடவில்லை. 1965-ல் மாடர்ன் தியேட்டர்ஸ் "வல்லவனுக்கு வல்லவன்" எடுத்தபோது, பழையபடி சிரிப்பு வேடத்தில்தான் இருந்தார்.

இன்னொருவராக இருந்தால் "ஒரு தடவை கதாநாயகி ஆகிவிட்டேன், இனி அதுதான்" என்று பிடிவாதம் பிடித்து, வீட்டில் உட்கார்ந்திருப்பார். மனோரமா உட்காரவில்லை. உட்காரவும் முடியாது. வீட்டு நிலைமை அப்படி.

தனி மரமாக

1964-ல் மனோரமாவுக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை, நாடகக் குழுவில் இருந்த எஸ்.எம்.ராமநாதன். ஒரு ஆண் குழந்தை பிறந்தது. கல்யாண வாழ்க்கை நிலைக்கவில்லை. 1966-ல் முறிந்துபோனது.

தாயாருக்கு நடந்தது மகளுக்கும் நடந்தது. கையில் குழந்தை, பக்கத்தில் அம்மா. வருமானம் ஒருத்தர் உழைப்பில். ஒரு வித்தியாசம் உண்டு. தாயார் பலகாரம் விற்றார். மகள் முகத்தில் பவுடர் பூசிக்கொண்டு ஊரைச் சிரிக்க வைத்தார். வீட்டு அழுகை ஸ்டூடியோவுக்குள் நுழையாமல் பார்த்துக்கொண்டார். அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை.

மாதம் மூன்று படம்!

இங்கேதான் கண்ணதாசனின் கணக்கு வேலை செய்யத் தொடங்கியது.

கதாநாயகி என்றால் ஒரு படத்துக்கு மாதக்கணக்கில் கால்ஷீட் போகும். காமெடிப் பகுதியை அந்த நாளில் தனியாக எழுதி, தனியாகவே எடுத்து முடிப்பதும் உண்டு. சில நாட்கள் வந்து நடித்துவிட்டு, அடுத்த ஸ்டூடியோவுக்குப் போய்விடலாம். காலையில் ஒரு படம், மாலையில் ஒரு படம் என்று ஓடலாம்.

மனோரமா ஓடினார். நாகேசுடன் ஜோடி சேர்ந்து "அன்பே வா" (1966), "அனுபவி ராஜா அனுபவி" (1967) என்று சிரிப்பு மழை. அப்புறம் சோ, தேங்காய் சீனிவாசன், சுருளிராஜன். ஜோடி மாறிக்கொண்டே இருந்தது, மனோரமா மாறவில்லை. இந்தி நடிகர் மெஹ்மூதே அவரைக் கூப்பிட்டு "குன்வாரா பாப்" (1974) படத்தில் நடிக்க வைத்தார்.

1985-க்குள் ஆயிரம் படங்களைத் தாண்டிவிட்டார் என்று கின்னஸ் சாதனைப் புத்தகத்தில் பெயர் ஏறியது. 1958-ல் இருந்து கணக்குப் போட்டால் 27 வருஷம். ஆண்டுக்குச் சராசரி 37 படம். மாதத்துக்கு மூன்று! ஒரு குமாஸ்தா சம்பளப் பட்டியலில் கையெழுத்துப் போடுவதற்குள், மூன்று படத்தில் நடித்து முடித்திருக்கிறார் என்று அர்த்தம்.

ஜில் ஜில் ரமாமணி

எண்ணிக்கை ஒரு பக்கம் இருக்கட்டும். 1968-ல் வந்த "தில்லானா மோகனாம்பாள்" மனோரமாவின் தரத்தைக் காட்டியது.

கொத்தமங்கலம் சுப்பு எழுதிய தொடர்கதை. டைரக்ஷன் ஏ.பி.நாகராஜன். நாதஸ்வர வித்வானாக சிவாஜி, நாட்டியப் பெண்ணாக பத்மினி. கூடவே பாலையா, நாகேஷ். ஒவ்வொருவரும் ஒரு மலை. இந்த மலைகளுக்கு நடுவே, நாடகக் கொட்டகைக்காரி "ஜில் ஜில் ரமாமணி"யாக மனோரமா வந்தார்.

வெள்ளை மனசு, வாய் ஓயாத பேச்சு, கொஞ்சம் அலட்டல். சிவாஜியின் நாதஸ்வரத்தை அவர் வெகுளியாக வியக்கும் காட்சியில், தியேட்டரே அவர் பக்கம் சாய்ந்தது. சிவாஜி எதிரே நின்றும் கண்ணை இந்தப் பக்கம் இழுத்தார் என்றால் லேசா?

இதில் ஒரு விசேஷம். ஊர் ஊராகப் போய் ஆடிப் பிழைக்கும் நாடகக்காரி வேடத்துக்கு மனோரமா யாரையும் பார்த்துக் காப்பி அடிக்க வேண்டியதில்லை. பள்ளத்தூர் பாப்பாவுக்கு அந்த வாழ்க்கை மனப்பாடம்! இன்றைக்கும் கொஞ்சம் அலட்டிப் பேசுகிற பெண்ணை "பெரிய ஜில் ஜில் ரமாமணி" என்று கிண்டல் செய்வது நின்றுவிடவில்லை.

ஊருக்கு ஒரு பாஷை

மனோரமாவின் இன்னொரு சொத்து நாக்கு. செட்டிநாட்டுப் பேச்சு வளர்ந்த ஊரில் வந்தது. "ஆச்சி" என்று தமிழ்நாடே கூப்பிட்டதும் செட்டிநாட்டு மரியாதைச் சொல்தான். 1968-ல் சோவுடன் நடித்த "பொம்மலாட்டம்" படத்தில் மெட்ராஸ் பாஷையில் ஒரு பாட்டை சொந்தக் குரலிலேயே பாடினார். சென்னை ரிக்ஷா ஸ்டாண்டு முதல் சேலம் டீக்கடை வரை அந்தப் பாட்டு முணுமுணுக்கப்பட்டது.

1992-ல் "சின்ன கவுண்டர்" வந்தது. துருத்திய பல்லைக் கட்டிக்கொண்டு, விஜயகாந்துக்கு ஆத்தாவாக, கொங்குப் பேச்சில் வெளுத்து வாங்கினார். அந்தப் பேச்சைத் தினமும் கேட்டுப் பழகிய சேலம், நாமக்கல் பக்கத்து ஜனங்களே "நம்ம வீட்டுக் கிழவி மாதிரியே இருக்காங்களே" என்று சொல்லும்படி இருந்தது.

வேலைக்காரி, அம்மா, பாட்டி

வயசு ஏறினால் நடிகைக்கு வேலை குறையும். மனோரமாவுக்கு வேலை கூடியது.

1986-ல் விசுவின் "சம்சாரம் அது மின்சாரம்". வேலைக்காரி கண்ணம்மா, கிஷ்முவுடன் வாய்ச்சண்டை போடும் காட்சிக்கு தியேட்டரில் விசில் பறந்தது. வீட்டு வேலைக்குப் போன சிறுமி, 50 வயசை நெருங்கும்போது வேலைக்காரி வேடத்தில் கைதட்டல் வாங்கினார்.

1989-ல் பார்த்திபன் முதன் முதலாக டைரக்ட் செய்த "புதிய பாதை". அந்தப் படத்துக்காக, சிறந்த துணை நடிகைக்கான தேசிய விருது மனோரமாவுக்குக் கிடைத்தது. 1990-ல் "நடிகன்" படத்தில், கிழவர் வேஷம் போட்ட சத்யராஜை உண்மையாகவே காதலிக்கும் முதிர்கன்னியாக வந்தார். ஜனங்கள் சிரித்தார்கள், அந்தப் பெண்மணி ஏமாந்து போவாளே என்று கவலையும் பட்டார்கள். 1991-ல் "சின்னத்தம்பி" படத்தில் பிரபுவின் விதவைத் தாயாக அழ வைத்தார்.

1996-ல் ஒரு சறுக்கல். அந்த ஆண்டுத் தேர்தலில் அ.தி.மு.க.வுக்காகப் பிரசாரம் செய்தார். ரஜினிகாந்தைக் கடுமையாகப் பேசிவிட்டார். தேர்தல் முடிந்தது, பட வாய்ப்புகள் சட்டென்று குறைந்தன. அப்போது 1997-ல் "அருணாசலம்" படத்தில் அவருக்கு வேடம் கொடுக்க வைத்தவர் அதே ரஜினிதான். இதைப் பிறகு மேடையிலேயே சொல்லி மனோரமா நெகிழ்ந்தார்.

ஐந்து முதல்-அமைச்சர்கள்

ஐந்து முதல்-அமைச்சர்களுடன் நடித்தவர் என்ற பெருமையும் அவருக்கு உண்டு. அண்ணா, கருணாநிதி இருவருடன் நாடக மேடையில். எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, ஆந்திராவின் என்.டி.ராமராவ் மூவருடன் சினிமாவில்.

தமிழக அரசின் கலைமாமணி விருது பெற்றார். 2002-ல் மத்திய அரசு "பத்மஸ்ரீ" கொடுத்தது. 2009-ல் தெலுங்கு "அருந்ததி", 2010-ல் "சிங்கம்" என்று 70 வயசுக்குப் பிறகும் கேமரா முன்னால் நின்றார்.

2015-ம் ஆண்டு அக்டோபர் 10-ந்தேதி இரவு, சென்னையில் காலமானார். வயது 78. மறுநாள் தியாகராயநகர் வீட்டில் ஜனங்கள் திரண்டனர். முதல்-அமைச்சராக இருந்த ஜெயலலிதாவும், கருணாநிதியும் நேரில் வந்து அஞ்சலி செலுத்தினர். எதிரும் புதிருமான இரண்டு தலைவர்கள், ஒரே நாளில், ஒரே வீட்டு வாசலில்! மயிலாப்பூரில் உடல் தகனம் நடந்தது.

வளைவு நிற்கிறது

நூற்றுக்கும் மேற்பட்ட படங்களைத் தயாரித்த மாடர்ன் தியேட்டர்ஸ் 1980-களில் ஓய்ந்தது. ஸ்டூடியோ போய் வீடுகள் வந்தன. மே மாதக் கோடை விழாவுக்காக ஏற்காடு போகிற கூட்டம், வளைவைக் கடந்து போய்க்கொண்டே இருக்கிறது.

1963-ல் கதாநாயகியாக நடித்தவர்களில் பலருக்கு நாலைந்து வருஷத்தில் கல்யாணம், ஓய்வு, அல்லது மறதி. அந்த வரிசையில் ஒரே ஒரு படத்துக்கு எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிய மனோரமா, அதற்கு அப்புறம் அரை நூற்றாண்டு நடித்தார். கண்ணதாசன் கணக்கு தப்பவில்லை.

ஏற்காடு மலை நேராக ஏறுகிற மலை இல்லை. 20 தடவை திரும்பித்தான் மேலே போகவேண்டும். அடுத்த முறை பஸ்சில் போகும்போது, முதல் திருப்பம் வருவதற்கு முன்னால் அந்த வளைவைக் கொஞ்சம் பாருங்கள். ஆச்சி கதாநாயகியாக நின்ற ஸ்டூடியோவின் வாசல் அதுதான்!